கலமும் கலத்திலிட்ட பொருளும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் அடுக்களையைக் கூர்ந்து நோக்கியவர், அங்கே எழுதப்படாத சட்டமொன்று நிலவியதைக் கண்டிருப்பர். புளி கரைத்து விட்ட குழம்பு மண்சட்டியிலேயே கொதிக்கும். ஈயம் பூசாத பித்தளைக் கலத்தில் அதனைச் சிறிது நேரமேனும் வைக்கமாட்டார்கள். மோருக்கு மட்பானை. ஊறுகாய்க்குப் பீங்கான் சாடி. பிட்டு, பனையோலையால் இழைத்த கூம்பு வடிவான நீத்துப்பெட்டியில் அவியும். இடியப்பம், ஈர்க்கினாலோ பிரம்பினாலோ பின்னிய தட்டில் அவியும். பனங்கட்டி குட்டானுக்குள் இருக்கும். ஒடியலும் புழுக்கொடியலும் ஓலைப்பெட்டிக்குள் இருக்கும். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீரும் தேநீரும் மூக்குப்பேணியில் வரும். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு வாய்ப்பாகவே அப்பேணிக்கு மூக்கொன்று அமைத்தனர். இந்தப் பொருளுக்கு இந்தக் கலம் என்ற வரையறை வீட்டுப் பெண்களின் கையிலும் நாவிலும் இருந்தது. மாமி மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தவற்றுள் இதுவும் ஒன்று.

இவ்வரையறை வெறும் சம்பிரதாயத்தாற் பிறந்ததன்று. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளி பட்டுச் சிறிது நேரம் நின்றால் செம்பு கரைந்து களிம்பேறும். அவ்வுணவை உண்டவர் குமட்டலும் வாந்தியும் உற்று வருந்துவர். இரசாயன நூல் எதனையும் பயிலாதவர்களும் இதனைப் பட்டறிவால் அறிந்திருந்தனர். உணவுக்கும் அதனைத் தாங்கும் கலத்துக்கும் இடையே எப்பொழுதும் ஒரு கொடுக்கல் வாங்கல் நிகழ்கிறது; சூடும் புளிப்பும் எண்ணெயும் அதனை விரைவுபடுத்துகின்றன; ஆகவே எதை எதில் இடுவது என்பதிற் கவனம் வேண்டும். பழைய அடுக்களையின் அறிவு இவ்வளவில் அடங்கிவிடும்.

இதனைக் கொண்டு பழையன யாவும் தூயன என முடிவு கட்டுதல் வரலாறு ஆகாது. பித்தளைக்குப் பூசும் வெள்ளீயத்தோடு விலை மலிந்த காரீயத்தைக் கலந்துவிட்டால், பூச்சே நஞ்சாகிவிடும். மட்கலங்களுக்கு மினுக்கமூட்டும் சில பூச்சுக்களிலும் காரீயம் இருந்ததுண்டு. ஓலைப்பெட்டி ஈரத்திற் பூஞ்சணம் பிடிக்கும். மண்குடம் கிணற்றுக்கட்டிற் பட்டால் அவ்வளவுதான். அலுமினியம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய காலத்தில், பலர் புளிக்குழம்பை அதிலேயே காய்ச்சிப் பழைய விதியைத் தாமே தளர்த்தினர். எனினும் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு குறை உண்டு என்பதும், அக்குறையை அறிந்தே அதனைக் கையாள வேண்டும் என்பதும் மறக்கப்படவில்லை. குறையே இல்லாத கலம் என்ற எண்ணம் பிளாஸ்ரிக்குடன்தான் வீட்டுக்குள் நுழைந்தது.

அந்தப் பொருளின் பிறப்பு வீட்டுப் பாவனையை நோக்கியதன்று. 1862ஆம் ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற சர்வதேசக் கண்காட்சியில் அலெக்சாந்தர் பார்க்ஸ் என்பவர், தாவர நாரிலிருந்து ஆக்கிய புதுப் பொருளொன்றைக் காட்சிக்கு வைத்தார். அது வணிகத்தில் வெற்றி பெறவில்லை. அமெரிக்காவில் அக்காலத்திலே பில்லியட்ஸ் பந்துகளை யானைத் தந்தத்திற் கடைந்தனர். தந்தம் அரிதாகவே, அதற்கு ஈடான பொருளைக் கண்டுபிடிப்போர்க்கு 10,000 டொலர் பரிசளிப்பதாக ஒரு வணிக நிறுவனம் அறிவித்தது. அம்முயற்சியில் ஈடுபட்ட ஜோன் வெஸ்லி ஹயற் 1869ஆம் ஆண்டளவில் செலுலோயிட்டை உருவாக்கினார். தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் பதிலாக அது சீப்பாகவும் கத்திப்பிடியாகவும் உலாவியது. யானைக்கும் ஆமைக்கும் உயிர்ப்பிச்சை அளிக்க வந்த பொருளாகவே அன்று அது பாராட்டப்பட்டது என்பதை இன்று நினைக்குந்தோறும் வியப்பே மேலிடும். 1907ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் ஆக்கிய பேக்கலைட், இந்தியக் காடுகளில் ஒருவகைப் பூச்சி சுரக்கும் அரக்குக்கு ஈடாக வந்தது. இயற்கைப் பொருளின் கலப்பின்றி, முற்றும் இரசாயன முறையால் ஆக்கப்பட்ட முதற் பிளாஸ்ரிக் அதுவே.

பொலித்தீனோ தற்செயலாகக் கிடைத்தது. 1933ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் செசயர் மாநிலத்து வின்னிங்ரன் ஆய்வுகூடத்தில் எரிக் போசெற், றெஜினோல்ட் கிப்சன் என்னும் இருவர் எதிலீன் வாயுவை மிக்க அமுக்கத்துக்கு உட்படுத்தினர். கலத்தின் அடியில் மெழுகுபோன்ற வெண்பொருள் சிறிதளவு படிந்திருந்தது. 1939ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி தொடங்கியது. இரண்டாம் உலகப் போரிலே விமானங்களைக் கண்டறியும் ராடார் கருவியின் கம்பிகளுக்கு அது உறையாயிற்று. போர் முடிந்தது; ஆலைகள் நின்றன; பொருளை வாங்குவோர் வேண்டுமே! 1946ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஏள் ரப்பர் அதனை இறுக மூடும் உணவுப் பேழையாக்கினார். போர்க்களத்துப் பொருள் அடுக்களைக்குள் வந்த கதை இதுவே. 1954இல் இத்தாலியில் ஜூலியோ நற்றா பொலிபுறொப்பிலீனை ஆக்கினார். 1965இல் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று, ஸ்ரென் குஸ்தாவ் துலின் என்பார் வடிவமைத்த கைபிடிப் பைக்கு உரிமைப் பத்திரம் பெற்றது. இலங்கைத் தமிழர் வாயில் அது பின்னாளிற் ‘சொப்பிங் பை’ ஆயிற்று.

இந்நாட்டுச் சந்தைகளில் பிளாஸ்ரிக் வாளியும் குடமும் கூடையும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே பெருகின. 1977ஆம் ஆண்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் அவை மேலும் மலிந்தன. மக்கள் அவற்றை ஆவலோடு ஏற்றமைக்கு நியாயம் இருந்தது. பித்தளைக் குடத்தை இடுப்பிற் சுமந்து நெடுந்தொலைவு நடந்த பெண்ணுக்கு, அதே நீரைப் பிளாஸ்ரிக் குடத்திற் கொணர்வது எத்துணை ஆறுதல்! மண்குடம் உடைந்தால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போயிற்று. இதுவோ விழுந்தாலும் உடையாது, துருப்பிடியாது, பூச்சி அரியாது. உழைப்பின் சுமையை இறக்கிவைத்த பொருளைக் கேலி செய்வது, அச்சுமையைத் தாங்கியறியாதவர்க்கே எளிது.

ஆனால் அவ்வாளியோடு கூடவே ஒரு மறதியும் வந்து சேர்ந்தது. புளிக்கும் உப்புக்கும் எண்ணெய்க்கும் கொதிநீருக்கும் ஒரே கலம் போதும் என்றாயிற்று. உணவுக் கடைகளிலே கோப்பையின் மேல் ‘லஞ்ச் சீற்’ எனப்படும் பொலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் ஆவி பறக்கும் சோற்றையும் தேங்காயெண்ணெய் மிதக்கும் கறியையும் இட்டனர். வாழையிலை போய்விட்டது, கோப்பை கழுவும் வேலையும் போய்விட்டது. கொதிக்கும் தேநீரைப் பொலித்தீன் பையிற் கட்டிக் கொண்டுசெல்லும் வழக்கமும் பரவிற்று. இடியப்பத் தட்டே பிளாஸ்ரிக்காகி, கொதிநீரின் ஆவியில் நாள்தோறும் வெந்தது. பழைய அடுக்களை எவற்றை எல்லாம் கண்டு எச்சரிக்கையாய் இருந்ததோ, அந்தச் சூடும் எண்ணெயும் புளியும் மூன்றும் ஒருங்கே புதிய கலத்தில் விழுந்தன.

புதிய கலமும் உணவோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறது என்பது வெளியான வரலாறு சுவையானது. அதனைச் சற்று விரித்துச் சொல்லல் வேண்டும்.

பிஸ்பீனோல்-ஏ என்னும் இரசாயனப் பொருளை 1891ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் தியானின் முதன்முதல் ஆக்கினார். நெடுங்காலம் அதற்குப் பயனெதுவும் தெரியவில்லை. 1936ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த எட்வேட் சாள்ஸ் டொட்ஸ் என்னும் மருத்துவ அறிஞர், பெண்களின் உடலிற் சுரக்கும் ஈத்திரோசன் என்னும் ஓமோனைப் போலத் தொழிற்படும் செயற்கைப் பொருள்களைத் தேடி வந்தார். அத்தேடலில், பிஸ்பீனோல்-ஏ அவ்வோமோனைப் போல மெலிதாகத் தொழிற்படுவதைக் கண்டு வெளியிட்டார். ஈராண்டுக்குப் பின்னர் அவரும் அவருடன் உழைத்தோரும் அதனினும் பன்மடங்கு வலிய வேறொரு பொருளைக் கண்டமையால், பிஸ்பீனோல்-ஏ மருந்தாகாமல் ஒதுக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஹேர்மன் சினெல் என்பாரும் அமெரிக்காவில் டானியல் பொக்ஸ் என்பாரும் தனித்தனியே அப்பொருளைக் கொண்டு பொலிகாபனேற் என்னும் பிளாஸ்ரிக்கை ஆக்கினர். கண்ணாடிபோலத் தெளிவானது, எறிந்தாலும் உடையாதது. குழந்தைகளின் பாற்போத்தலுக்கு அதனிலும் ஏற்ற பொருள் உண்டோ என உலகம் எண்ணியது. ஓமோன்போல் தொழிற்படும் பொருள் என்று முன்னரே அறியப்பட்ட ஒன்றிலிருந்து பச்சிளங் குழந்தையின் போத்தலை வார்க்கிறோம் என்ற நினைவு அக்காலத்தில் எவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. 1936ஆம் ஆண்டின் ஆய்வு மருத்துவ ஏட்டிலே கிடந்தது. ஆலைக்காரர் படித்ததோ வேறு ஏடு.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் சில ஆய்வாளர், நொதியம் என்னும் நுண்ணுயிர் ஈத்திரோசனைப் போன்றதொரு பொருளைத் தானே சுரக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தனர். அத்தகைய பொருள் கிடைக்கவே செய்தது. அவர்கள் மகிழ்ந்திருக்கக்கூடும். ஆனால் நொதியம் சிறிதும் இடாத வெறும் நீரிலும் அதே பொருள் காணப்பட்டது! அது வந்த வழியைத் தேடியபோது, ஆய்வுக்கு நீரைக் கொதியாவியிலே தூய்மை செய்த பொலிகாபனேற் குடுவையே அதனைக் கக்கியது என்று தெரியவந்தது. 1993ஆம் ஆண்டில் இச்செய்தியை அவர்கள் வெளியிட்டனர். குடுவையைச் சூடாக்கியதைத் தவிர அவர்கள் வேறு யாதும் செய்யவில்லை என்பதே இங்கு கவனித்தற்குரியது.

1998ஆம் ஆண்டில் ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. அங்குள்ள கேஸ் வெஸ்ரேண் றிசேவ் பல்கலைக்கழகத்திலே பற்றீசியா ஹண்ட் என்னும் அறிஞர் எலிகளின் கருமுட்டைகளை ஆராய்ந்து வந்தார். எவ்வகை மருந்தும் ஊட்டப்படாது, ஒப்புநோக்குவதற்கென வைக்கப்பட்டிருந்த எலிகளிற் சாதாரணமாக நூற்றுக்கு ஓரிரு முட்டைகளிலேயே நிறமூர்த்தங்கள் ஒழுங்கு பிறழ்ந்திருக்கும். திடீரென அத்தொகை நூற்றுக்கு 40ஆக உயர்ந்தது. உணவை ஆராய்ந்தனர், காற்றை ஆராய்ந்தனர், ஒன்றும் அகப்படவில்லை. ஈற்றில் எலிகளின் கூடுகளும் நீர்ப்போத்தல்களும் நைந்து மங்கியிருப்பது கண்ணிற்பட்டது. தற்காலிகமாக வேலைக்கு வந்த ஊழியர் ஒருவர், நிலம் கழுவும் கடுங்காரத்தை எடுத்து அவற்றைக் கழுவிவிட்டார். காரம் பொலிகாபனேற்றை அரித்தது. அரிபட்ட போத்தலிலிருந்து பிஸ்பீனோல்-ஏ நீரிற் கலந்தது. எலிகள் அதனைக் குடித்தன. ஹண்ட் அவர்கள் உடனே பறைசாற்றிவிடவில்லை. வேண்டுமென்றே மீண்டும் அவ்வாறு செய்து பார்த்து, அதே விளைவு வருவதை உறுதிசெய்து, 2003ஆம் ஆண்டிலேதான் வெளியிட்டார். ஒரு கூலியாளின் கைத்தவறு உலகின் பாற்போத்தல் வரலாற்றையே திருப்பிவிட்டது எனலாம்.

எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா என்பது வேறு வினா. அதனைப் பற்றி அறிஞரிடையே நெடிய வாதம் நிகழ்ந்தது. ஆயினும் குழந்தைகள் விடயத்திற் பொறுத்திருத்தல் தகாது எனக் கருதி, 2008ஆம் ஆண்டிற் கனடா முதலிற் காலெடுத்து வைத்தது. பொலிகாபனேற் பாற்போத்தலை 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. 2012இல் ஐக்கிய அமெரிக்காவும் அதற்கு இடமில்லை எனச் சட்டத்தைத் திருத்தியது. 2023ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளலாம் எனத் தான் முன்னர் வகுத்திருந்த அளவை 20,000 மடங்கு குறைத்தது. உணவு படும் பொருள்களில் பிஸ்பீனோல்-ஏ ஆகாது என்னும் அவ்வொன்றியத்தின் பொதுத்தடை 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. டொட்ஸ் எழுதிய நாளிலிருந்து எண்ணினால் 89 ஆண்டுகள்.

இதற்கிடையில் வணிகர் வாளாவிருக்கவில்லை. ‘பிஸ்பீனோல்-ஏ அற்றது’ என்ற முத்திரையோடு வேறு பிளாஸ்ரிக்குகள் கடைக்கு வந்தன. அவற்றுட் சிலவற்றில் ஏ இருந்த இடத்தில் எஸ் இருந்தது. அதாவது அதன் உடன்பிறப்பாகிய பிஸ்பீனோல்-எஸ். ஹண்ட் அவர்களின் ஆய்வுகூடமும் எலிக்கூடுகளைப் புதுவகைப் பிளாஸ்ரிக்குக்கு மாற்றிக்கொண்டது. விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அங்கும் ஒப்புநோக்கு எலிகளிற் பழைய குழப்பமே மீண்டும் தலைகாட்டிற்று. புதுக் கூடுகளும் சேதமடைந்திருந்தன. அவையும் பிஸ்பீனோல்களைக் கசியவிட்டன. 2018ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. முத்திரையில் ஓரெழுத்து மாறியதனால் மட்டும் கலம் தூயதாகிவிடாது.

பிஸ்பீனோல் எதுவும் சேராத பொலிபுறொப்பிலீனோ எனின், அதன் வழக்கு வேறு வகையானது. 2020ஆம் ஆண்டில் அயர்லாந்தின் டப்ளின் திரித்துவக் கல்லூரி ஆய்வாளர், அப்பொருளாலாகிய பாற்போத்தல்களில் வெந்நீரை இட்டுக் குலுக்கி, நீரில் உதிரும் நுண்துகள்களை எண்ணினர். 25 பாகை வெப்பத்தில் இலீற்றருக்கு ஏறத்தாழ ஆறு இலட்சம் துகள்கள் உதிர்ந்தன. 95 பாகையில் அவை ஐந்தரைக் கோடியாயின. அவ்வாய்வாளர் போத்தலை எறியச் சொல்லவில்லை. கண்ணாடிக் கலத்திலோ துருவேறா உருக்குக் கலத்திலோ நீரைக் கொதிக்கவைத்து, பாலையும் பிளாஸ்ரிக் அல்லாத கலத்திற் கரைத்து, ஆறியபின் போத்தலிற் பெய்யுமாறும், கொதிநீரிற் சுத்திகரித்த போத்தலை ஆறிய தூயநீரால் மும்முறை அலசுமாறும் அறிவுரை கூறினர். சூட்டுக்கு ஒரு கலம், ஆறியதற்கு இன்னொரு கலம் என்ற பழைய அடுக்களையின் பிரிவினை ஆய்வுகூடத்தின் வாயிலாகத் திரும்பி வந்தமை நோக்கத்தக்கது.

மெலமைன் கோப்பையைப் பற்றியும் ஒரு சொல். பீங்கானைப் போலத் தோன்றினும் அதுவும் பிளாஸ்ரிக்கே. 2013ஆம் ஆண்டில் தாய்வானில் வெளியான ஆய்வொன்றில், பன்னிருவர் சூடான நூடில்ஸ் சூப்பை மெலமைன் கிண்ணத்தில் ஒருமுறையும் பீங்கான் கிண்ணத்தில் ஒருமுறையும் அருந்தினர். மெலமைனில் அருந்திய வேளையிற் சிறுநீரோடு வெளியேறிய மெலமைனின் அளவு மிகுந்திருந்தது. இலங்கையில் எத்தனையோ வீடுகளில் இக்கோப்பைகளே நாளாந்தப் பாவனையில் உள்ளன. பிஸ்கற்றுக்கும் பழத்துக்கும் அவற்றால் இடரில்லை. ஆவி பறக்கும் இரசத்துக்கு அவை ஏற்றவையல்ல.

உதிரும் துகள்கள் உடலுள் யாது செய்கின்றன? 2022ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்து 17 பேரிடம் பிளாஸ்ரிக்கைக் கண்டனர். 2024ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் கழுத்து நாடியின் அடைப்பை அறுத்தெடுத்த 257 நோயாளரை ஆராய்ந்தனர். அவர்களுள் 150 பேரின் அடைப்பிற் பொலித்தீன் இருந்தது. பிளாஸ்ரிக் காணப்பட்டவர்களுக்கு மாரடைப்போ பாரிசவாதமோ மரணமோ நேர்ந்த வீதமும் மற்றையோரினும் மிகுதியாயிருந்தது. பிளாஸ்ரிக்கே அதற்குக் காரணம் என்று இவ்வாய்வு நிறுவிவிடவில்லை. அதனை ஆய்வாளரே சொல்லியுள்ளனர். இரண்டும் ஒருங்கே காணப்பட்டன என்பதே செய்தி. பயமுறுத்திப் பொருள் விற்போர், இவ்விடத்தில் ஒரு படி தாண்டிக் குதிப்பது வழக்கம். ‘இயற்கை’ என்று பெயரிட்டு நான்கு மடங்கு விலை கேட்கும் கடைக்காரரும் அவருள் அடங்குவர்.

இலங்கை அரசு பிளாஸ்ரிக்கைக் கட்டுப்படுத்த முனைந்தது முதன்மையாகக் குப்பையை நோக்கியே, உடல்நலத்தை நோக்கியன்று. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொழும்புக்கு அணித்தான மீதொட்டமுல்லையிலே குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி பொலித்தீன் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் உணவுப்பெட்டியும் சில வகைப் பைகளும் தடைசெய்யப்பட்டன. பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதும் குற்றமாயிற்று. இந்தக் கடைசி விதியே வீட்டாருக்கு மிக வேண்டியது. அவர்கள் மிகக் குறைவாக அறிந்ததும் அதுவே. ஈரவிறகு பற்றாதபோது பொலித்தீன் பையைச் செருகி அடுப்பு மூட்டுவது ஊர்தோறும் காணப்பட்ட வழக்கம். குளோரீன் கொண்ட பீவீசி போன்றவை எரியும்போது டையொக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கின்றது. தட்டிலும் போத்தலிலும் காட்டும் கவனமெல்லாம், இப்புகையைச் சுவாசிக்கும் குழந்தைக்குப் பயன்படாது. காய்ந்த பன்னாடையும் தென்னம்பாளையும் கொக்கறையும் எங்கே போய்விட்டன?

2021ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களில் எக்ஸ்பிறஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிலும் கரையிலும் பரந்தன. வாளியாகவும் பேழையாகவும் உருப்பெறுமுன் அப்பொருள் எப்படியிருக்கும் என்பதை இலங்கை மக்கள் அன்று கரையோரத்தில் அள்ளிப் பார்த்தனர். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி, ஒருமுறை பாவித்து எறியும் பொருள்களின் பட்டியலொன்று தடைக்குள்ளாயிற்று. உறிஞ்சுகுழாய், கரண்டி, கோப்பை, பூமாலை ஆகியவற்றோடு அப்பட்டியலில் இடம்பெற்ற இன்னொன்று பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு. உலக நாடுகள் பலவற்றின் தடைப்பட்டியல்களைப் புரட்டினாலும் இப்பொருளைக் காண்டல் அரிது. ஆவியிலே வேகும் பிளாஸ்ரிக்கைச் சட்டம் பெயர் சொல்லிச் சுட்டிய இடம் அது.

இனி ஒரு வீடு செய்யத்தக்கது யாது? வீட்டிலுள்ள பிளாஸ்ரிக் அனைத்தையும் ஒரே நாளில் வெளியே எறிவது செல்வருக்கும் வீண்செலவு. ஏழைக்கு இயலாத செயல். குளிக்கும் வாளியும் துணிக்கூடையும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மாற்றவேண்டியவை சூடும் எண்ணெயும் புளியும் குழந்தையின் வாயும் படுவன மட்டுமே. ஊறுகாயைச் சாடிக்கோ, கழுவிக் காயவைத்த பழைய ஜாம் போத்தலுக்கோ மாற்றச் செலவில்லை. வடக்கிலே போர்க்காலத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாயிருந்த நாள்களில் அதே ஜாம் போத்தல் விளக்காகவும் எரிந்தது. அதன் பல்திறம் பலருக்கு நினைவிருக்கும். மதியச் சோற்றை வாட்டிய வாழையிலையிற் கட்டினால் மணமும் கூடும். சோற்றை வடிக்கவும் கறியைக் கிளறவும் சிரட்டை அகப்பையும் மர அகப்பையும் போதும். குடிநீருக்கு மட்பானை இருக்கும் வீட்டில், வெயிலில் நின்ற போத்தல் நீரை எவரும் நாடார். பாடசாலைப் பிள்ளைக்குத் துருவேறா உருக்குப் போத்தல் முதலில் விலை கூடியதாகத் தோன்றும். பல ஆண்டுகள் உழைப்பதால் அது நட்டமாகாது. மங்கி, கீறல் விழுந்து, வெடித்த பிளாஸ்ரிக் கலத்தை மாத்திரம் உணவுக்கு வைத்திருத்தல் ஆகாது. கிளீவ்லண்டின் எலிகள் அத்தகைய போத்தலிலேதான் நீர் குடித்தன.

நீத்துப்பெட்டியும் ஓலைத்தட்டும் மீளவேண்டுமாயின் அவற்றை இழைக்கும் கைகள் இருத்தல் வேண்டும். 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதன் நோக்கங்களுள் இக்கைப்பணியைக் காத்தலும் ஒன்று. அதன் பின்னர் வந்த போரிலே பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. மரம் ஏறுவோரும் அருகினர். வெட்டிய இளஓலையை வெயிலில் உலர்த்தி, வார்ந்து, சாயமிட்டு, பெட்டியாகவும் சுளகாகவும் இழைப்போர் பெரும்பாலும் பெண்களே. போரிற் குடும்பத்தலைவனை இழந்து இவ்வருவாயையே நம்பி வாழ்பவர்களும் அவருட் பலர். நார் வைத்துக் கட்டிய கடகமொன்றுக்கு எத்தனை மணிநேர உழைப்பு வேண்டும் என்பதை, ஆலையில் வார்த்த கூடையோடு அதன் விலையை ஒப்பிட்டுப் பேரம் பேசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஓலைக்கும் பிரம்புக்கும் உரிய பராமரிப்பையும் புதிதாய்ப் பழகவேண்டியிருக்கும். புதிய நீத்துப்பெட்டியை வெறுமனே ஒருமுறை ஆவியில் வைத்தெடுத்தால் பச்சை மணம் நீங்கும். பிட்டு அவித்தபின் உடனே கழுவி, மாப்பிசுக்கு இழைகளில் தங்காமல் உதறி, வெயிலில் நன்றாகக் காயவிடல் வேண்டும். ஈரத்தோடு மூடிவைத்தால் இரண்டே நாளிற் பூஞ்சணம் பூக்கும். அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டால், விறகுப்புகை அதற்கு மெருகேற்றிப் பூச்சியையும் விலக்கும். வாயு அடுப்பு வைத்திருக்கும் வீட்டார் அதற்கு வெயில் படும் யன்னலோரம் ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.